மூன்றே முக்கால் லிட்டர்

கர்தோஷ் மேட்டில் மொத்தம் பதினொரு வீடு, பத்தொன்பது டிராக்டர். எந்த டிராக்டருக்கு எந்த ஆயில் ஊற்றலாம் என்பதில் அபிப்பிராயங்கள் மட்டும் நானூற்றுச் சொச்சம். கணக்கில் பிழை இருந்தால் அது குறைத்துச் சொன்ன பிழையாகத்தான் இருக்கும். கெட்டி ஆயிலா இளக்கமான ஆயிலா என்று சம்பந்திகள் முறைத்துக்கொண்டதில் அங்கே ஒரு கலியாணமே நின்றிருக்கிறது. சர்ச்சில் வேதம் வாசிக்கிற போதகரம்மாகூட எண்ணெய் என்று வருகிற வசனத்தைக் குரலைத் தாழ்த்தி வாசித்துவிட்டு ஓட்டமாக ஓடிவிடுவார். பின்வரிசையில் யாராவது எழுந்து, என்ன நம்பர் எண்ணெய் என்று கேட்டுவிட்டால்?

அப்படிப்பட்ட ஊரில் ஆயிலைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஒரே ஆள் எத்தெல்கா. அந்தச் செப்டம்பரில் அவளுக்கு எதைப் பற்றியும்தான் அபிப்பிராயம் இல்லை.

ஜூனில் புல் அறுப்பின் நடுவே அவள் புருஷன் கோல்மன் டிராக்டரை நிறுத்தினான், இறங்கினான், பின்சக்கரத்தில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான். கண் திறந்தது ஆஸ்பத்திரிப் படுக்கையில். வலது கையும் வலது காலும் போயிற்று. பேச்சு அடியோடு போயிற்று. கேட்பதெல்லாம் புரியும், ஆனால் ஆமாமும் இல்லையும் இடம் மாறி வரும், தலையாட்டலை நம்பாதீர்கள் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து சமையலறை ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எத்தெல்கா அழவில்லை. ஆறுதல் சொல்ல மூன்று மேடு தாண்டி வந்த பெண்கள், கொண்டுவந்த கைக்குட்டைகளை மடிப்புக் கலையாமல் திரும்ப எடுத்துப் போனார்கள். அவர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட. அவளுக்கோ உடம்புக்குள் யாரோ பஞ்சை அடைத்துத் தையல் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. ஒரு நாள் சூப்பில் மூன்று தரம் உப்பு விழும், மறுநாள் விழவே விழாது. இரண்டையும் அவள் ஒரே மாதிரிதான் குடித்தாள்.

மகன் டெனிஸுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், ஆஸ்திரியாவில், கிராஸ் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை. திங்கட்கிழமை போன் செய்தான்.

"அம்மா, டிராக்டருக்கு ஆள் பாத்துட்டேன். சனிக்கிழமை வருவார். ஓட்டிப் பாப்பார், பிடிச்சா அன்னிக்கே ஏத்திட்டுப் போயிருவார்."

"சரி."

"பரங்கி கிடக்கேன்னு யோசிக்காத. இந்த வருசம் அழுகினா அழுகட்டும். நிலத்தையும் யாருக்காவது விட்டுட்டு நீயும் அப்பாவும் இங்க வந்துருங்க. மூணாவது மாடி, லிஃப்ட் இருக்கு."

"சரி."

"நெசமாவே சரியா, இல்ல என் வாயை அடைக்கிறதுக்குச் சரியா?"

"சரி டெனிஸ்."

வீட்டுக்குப் பின்னால் அரை எக்டேர் சரிவு. அதில்தான் விதையை ஆட்டி எண்ணெய் எடுக்கப் போடுகிற பரங்கி. கொடியெல்லாம் காய்ந்து, மஞ்சள் மஞ்சளாகக் காய்கள் மட்டும் மண்ணில் உட்கார்ந்திருந்தன. அந்தச் சரிவில் பெரிய அறுவடை இயந்திரம் ஏறாது. முந்தின வருடம் ஏறப் பார்த்த ஒன்று வழுக்கிக்கொண்டு வந்த வேகத்துக்கு, நடுவில் ஆப்பிள் மரம் மட்டும் இல்லையென்றால் பாஸ்போர்ட் இல்லாமலே ஹங்கேரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கோல்மனின் டிராக்டர்தான் ஏறும். கழுதையை விடக் கொஞ்சம் அகலம், கழுதையை விடக் கொஞ்சம் பிடிவாதம். அது முன்னால் கட்டிய பலகையால் காய்களை வரிசையாக ஒதுக்கித் தரும். அப்புறம் உட்கார்ந்து வெட்டி விதை எடுப்பார்கள். டிராக்டர் போனால் பரங்கி போச்சு, பரங்கி போனால் நிலம் எதற்கு, நிலம் போனால் மூன்றாம் மாடி. எத்தெல்காவுக்கு இது தெரியும். ஆற்றுக்கு அந்தக் கரையில் யாரோ பேசுவதைக் கேட்பது போலத் தெரியும்.

புதன்கிழமை காலை பக்கத்து வீட்டு அலதார் வந்தார். டெனிஸுக்கு ஞானத்தகப்பன் அவர்; அந்த ஊரில் அந்த உறவை போத்தர் என்பார்கள், கூடப்பிறந்ததற்கு ஒரு படி மேலே வைப்பார்கள். டிராக்டரைக் கிளப்பிப் பார்த்தார். சிவப்பு ஆயில் விளக்கு அணையவே இல்லை. அளவுக் குச்சியை உருவி மூக்கருகே கொண்டுபோனார்.

"எத்தெல்கா, இது ஆயில் இல்ல, தார். இதை ஊத்தி ஆஸ்திரியா வரைக்கும் ரோடு போடலாம். விக்கிறதா இருந்தாலும் பரங்கி ஒதுக்குறதா இருந்தாலும் மொதல்ல இதை மாத்தணும். கோல்மன் என்ன ஆயில் ஊத்துவான்?"

"தெரியாது போத்தரே."

"கேன்ல பேரு?"

"பேரெல்லாம் எழுத மாட்டான்."

விஷயம் கசிந்துவிட்டது. அரை மணியில் வெந்தெல் வந்தார், முப்பது வருடம் லாரி மெக்கானிக்காக இருந்தவர். கூடவே, தெருவில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த போதகரம்மாவும் காரணத்தோடுதான் இறக்கப்பட்டார். அந்த டிராக்டர் ஜப்பானில் ஓடி ஓய்ந்து கப்பலேறி வந்த பழசு. ஆயில் விவரமெல்லாம் மூடிக்குக் கீழே ஒரு ஸ்டிக்கரில், ஜப்பான்காரர்களுக்கு மட்டும் புரிகிற எழுத்தில் இருந்தது.

"நீங்க எபிரேயம் படிச்சிருக்கீங்கல்ல?" என்றார் அலதார்.

"படிச்சிருக்கேன். இது எபிரேயம் இல்ல."

"அப்ப கிரேக்கம்?"

"அதுவும் இல்ல அலதார்."

"எட்டு வருசம் உங்களுக்கு அங்க என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

போதகரம்மா குனிந்து கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இங்க மூணு புள்ளி ஏழு அஞ்சுன்னு இருக்கு. அது லிட்டரா இருக்கும். பக்கத்துல இருந்தது வெயில்ல போயிருச்சு."

"எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சு, எதைன்னுதான் தெரியணும்" என்றார் வெந்தெல். "தெரியறதுக்கு என்ன இருக்கு? பதினஞ்சு-நாப்பது நம்பர். டீசலுக்குன்னு போட்டிருக்கிறதாப் பாத்து வாங்கு. முடிஞ்சுது."

"கோல்மன் வெறும் முப்பதுதான் ஊத்துவான். கெட்டி ஆயில். எங்கிட்டயே சொல்லியிருக்கான்" என்றார் அலதார்.

"எப்ப?"

"பன்னி அறுத்த அன்னிக்கு."

"பன்னி அறுத்த அன்னிக்கு நீ குடிச்ச குடியில உன் பேரையே மூணு விதமாச் சொன்னே."

"உன் பேரை ஒரே விதமாத்தான் சொன்னேன். இங்க போதகரம்மா இருக்காங்க, திருப்பிச் சொல்ல முடியாது."

எத்தெல்கா உருளைக்கிழங்குக் களியில் வதக்கிய வெங்காயத்தைக் கொட்டி முற்றத்து மேசையில் வைத்தாள். வாதம் களியோடு சேர்ந்து இரண்டு தட்டு ஓடியது. ஜெர்மன் ராணுவம், ரஷ்ய ராணுவம், ஒருவருடைய மாமனார் என்று பல சாட்சிகள் வந்து போயின. கடைசியில் அலதார் ஜன்னலருகே போய் உள்ளே குரல் கொடுத்தார்.

"கோல்மன்! முப்பதா?"

கோல்மன் தலையாட்டினான்.

"பதினஞ்சு-நாப்பதா?" என்றார் வெந்தெல்.

அதற்கும் ஆட்டினான்.

"பசும்பால் ஊத்தட்டுமா?"

கோல்மன் ஆட்டினான். வெந்தெல் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக உடனே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எத்தெல்கா, உன் டிராக்டர். நீ சொல்லு" என்றார் போதகரம்மா.

"எனக்கென்ன தெரியும். எதையாவது ஊத்துங்க."

"எதையாவதுங்கிறதை ஊத்தக் கூடாதுன்னுதான் காலைலேர்ந்து தொண்டை கிழியக் கத்துறோம்" என்றார் அலதார். பிறகு நெற்றியைத் தட்டினார். "ஏன் இந்தப் பாடு? கோல்மன் வாங்கி வெச்சது நிலவறையிலயே இருக்குமே! வலது பக்கம் டிராக்டருக்கு, இடது பக்கம் வீட்டுக்குன்னு அவன்தான் எனக்குக் காட்டினான். அதையே ஊத்துவோம். அவன் ஊத்தினது அவன் வண்டிக்கு ஆகாமப் போயிருமா?"

"அது என்ன ஆயில்னு தெரியாமலா?"

"அவனுக்குத் தெரியும்ல."

"ஊத்துங்க" என்றார் வெந்தெல். "ஊத்திட்டு என்னைக் கூப்பிடாதீங்க." தொப்பியை அழுத்திப் போட்டுக்கொண்டு போய்விட்டார். போதகரம்மாவும் சைக்கிளில் ஏறினார்.

அந்த மேட்டில் பரங்கி எண்ணெய்க்குப் பாட்டில், லேபிள் என்கிற சம்பிரதாயமெல்லாம் கிடையாது. அவரவர் விதையை அவரவர் செக்குக்குக் கொண்டுபோய், கையில் எது கிடைத்ததோ அதில் பிடித்து வருவார்கள். கோல்மன் சிக்கனக்காரன், ஒரே மாதிரி ஐந்து லிட்டர் கேன்கள் ஒரு டஜன் வாங்கி, வீட்டு எண்ணெய்க்கும் வண்டி ஆயிலுக்கும் அதையே வைத்துக்கொண்டான். இடத்தை வைத்துத்தான் அடையாளம். வலது இடது என்பதெல்லாம் சமையலறைப் படிக்கட்டில் இறங்குகிறவனுடைய வலது இடது.

அலதார் காலில் சேறு. சமையலறையை மிதிக்க வேண்டாம் என்று மரியாதையாகத் தோட்டப் பக்கம் சுற்றி, நிலவறையின் எதிர்க் கதவு வழியாக உள்ளே போனார். எத்தெல்கா அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஏதோ சரியில்லை என்று பட்டது. பட்டது, நின்றது, போய்விட்டது.

பழைய ஆயிலை அடிப் போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு, புதியதைப் புனலில் ஊற்றினார். கறுப்பாக, கெட்டியாக, பட்டு மாதிரி இறங்கியது.

"பாத்தியா, எவ்வளவு கெட்டி! முப்பதுதான். நான் சொல்லல?"

கிளப்பினார். விளக்கு அணைந்தது. இரண்டு நிமிடத்தில் முற்றத்தில் ஒரு வாசனை எழுந்தது. வறுத்த பருப்பு மாதிரி, கனமாக, சுகமாக. நான்காவது நிமிடம் பதினொரு வீட்டு நாய்களும் வேலிக்கு வந்துவிட்டன. கீழே போதகர் வீட்டில், அந்த அம்மாள் காரணம் தெரியாமலே உருளைக்கிழங்கை வேகப்போட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்துவிட்டார் என்று பிற்பாடு சொன்னார்கள்; உண்மையாகத்தான் இருக்கும்.

"புது ஆயில் இப்படித்தான் வாசம் வரும்" என்றார் அலதார். இன்ஜினை நிறுத்தி, அளவு பார்க்கக் குச்சியை உருவி, துணி கிடைக்காமல் எத்தெல்காவின் வெள்ளை ஏப்ரன் நுனியில் துடைத்தார். மறுபடி அமிழ்த்தினார், தலையை ஆட்டினார், மறுபடி கிளப்பினார்.

எத்தெல்கா ஏப்ரனைப் பார்த்தாள். கறை தடித்த இடத்தில் சிவப்பு, மெலிந்து பரவிய ஓரத்தில் பச்சை. அந்த மேட்டில் பிறந்த குழந்தை பால் மறக்கும் முன்னே தெரிந்துகொள்ளும் நிறம் அது.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை.

ஓடட்டும் என்று இருந்தது. உள்ளேயே இறுகிப் போகட்டும். சனிக்கிழமை யாரும் ஓட்டிப் பார்க்க வேண்டாம், தான் ஒன்றும் முடிவு செய்ய வேண்டாம், எல்லாம் தானாக நின்றுவிடும். இன்ஜின் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கறையின் பச்சை ஓரம் துணியில் மெல்லப் பெரிதாவதைப் பார்த்தபடி நின்றாள்.

ஜன்னலில் இடி மாதிரி சத்தம். கோல்மன் இடது கை முஷ்டியால் கண்ணாடியைக் குத்திக்கொண்டிருந்தான். முகம் செங்கல் நிறம். அலதார் கையாட்டி, "கேக்குது கேக்குது, நல்லா ஓடுது!" என்று கத்தினார். கோல்மன் அவரைப் பார்க்கவில்லை. எத்தெல்காவைப் பார்த்துக் குத்தினான். மூன்றாவது குத்தில் கண்ணாடி உடைந்தது.

எத்தெல்கா முதலில் போனது புருஷனிடம் இல்லை. டிராக்டருக்குப் போய், நிறுத்துகிற குமிழைப் பிடித்து இழுத்தாள். இன்ஜின் குலுங்கி அடங்கியது.

"அது பரங்கி எண்ணெய், போத்தரே."

அலதார் புனலின் ஓரத்தை விரலால் வழித்து நாக்கில் வைத்தார்.

"போன வருசத்துது" என்றார் ஈனக்குரலில். "நல்ல எண்ணெய்."

கூப்பிடாதீர்கள் என்று சொல்லிப் போன வெந்தெல், யாரும் கூப்பிடாமலே வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். வாசனைதான் இழுத்து வந்ததாம். கொஞ்சம் சிரித்தார், கொஞ்சம் என்றால் வேலிக் கம்பு இரண்டு பெயர்கிற அளவு. அப்புறம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சூடு ஆறதுக்குள்ள வடி. ஒரு மணி நேரம் ஓடியிருந்தா உள்ள பூரா பிசின் கட்டியிருக்கும். அலதார், அந்த இன்னொரு கேனை எடு, கோல்மனோட நெச ஆயிலை. அதை ஊத்திக் கொஞ்சம் ஓட்டி அலசிக் கொட்டுவோம். அப்புறம் புது ஃபில்டர், புது ஆயில். எடுக்கும்போது மோந்து பாரு, இனிமே உன் வலது இடதை நான் நம்ப மாட்டேன்."

"வடிச்ச எண்ணெயை என்ன பண்றது?"

"உன் தலையில தேய்."

எத்தெல்கா உள்ளே கோல்மனின் கைக்குக் கட்டுப் போட்டாள். வெட்டு ஆழமில்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தெரிந்தேதான் நின்றாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. இந்த ஆளிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியமில்லை, திருப்பிக் கேட்கப் போவதில்லை என்று நினைத்தாள். நினைத்தும் முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

மறுநாள் பனிமூட்டம். ஆயில் வாங்கி வருகிறேன் என்று அலதார் குற்றவாளியாக வந்து நின்றார்.

"வேண்டாம் போத்தரே. நானே போறேன்."

"உனக்கு என்ன தெரியும்னு..."

"ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சதை நேத்துப் பாத்தோம்ல."

பள்ளத்தாக்கு ரோட்டில் விவசாயச் சாமான் கடை. முதலாளி யொலாங்கா, நாற்பது வயது, தராசு மாதிரி நேர்ப் பார்வை.

"என்ன ஆயில் வேணும் அத்தை?"

"தெரியல யொலாங்கா."

"அப்பாடா! இந்த மாசத்துல தெரியலன்னு வந்த மொத ஆள் நீங்கதான். தெரியும்னு வந்தவங்களோட மல்லுக்கட்டி என் தொண்டை போயிருச்சு. உக்காருங்க. டர்போ இருக்கா?"

"இல்ல."

"எத்தனை சிலிண்டர்?"

"மூணு. மூணாவது காலைல மத்த ரெண்டையும் விட லேட்டாத்தான் எழுந்திருக்கும்."

யொலாங்கா தலை தூக்கிப் பார்த்தாள். "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு?"

"மீட்டர் ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதுல நின்னுபோச்சு. அதுக்கப்புறம் நாலு கோடை."

"ஆயில் குடிக்குதா?"

"புல் அறுப்புல, ஏத்தத்துல நீலப் புகை விடும். ஒரு அறுப்புக்கு ஒரு டம்ளர்."

"குளிர் காலத்துல ஓட்டுவீங்களா?"

"ஜனவரில காட்டுலேர்ந்து விறகு வரணும். பால் வண்டி நிக்கிற இடம் வரைக்கும் பனி தள்ளணும். பிளக் சூடாகுற வரைக்கும் நான்தான் எண்ணுவேன், அவன் சாவியைத் திருப்புவான். மைனஸ் பன்னெண்டுல ஒரு தரம் கிழவி மாடிப்படி ஏறுற மாதிரி சுத்திச்சு. கிளம்பினதுக்கு அப்புறமும் எட்டு எண்ணுற வரைக்கும் ஆயில் வெளக்கு அணையாது." எட்டையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "அந்த எட்டு எண்ணிக்கையும் உள்ள ஆயில் போய்ச் சேராம வறட்டுலதான ஓடுது?"

"வறட்டுலதான் அத்தை. கெட்டி ஆயில் குளிர்ல நகராது."

ஒன்பது வருடமாக அந்த டிராக்டருக்குப் பின்னால் டிரெயிலரில் உட்கார்ந்து வந்தவளிடம் இதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. கேட்காததால், தெரிந்திருக்கிறது என்பது அவளுக்கே தெரியாது. சொன்னதெல்லாம் வேறு யாரோ சொன்னது மாதிரி இருந்தது. ஆனால் குரல் அவளுடையதுதான்.

யொலாங்கா மூன்று கேன்களை மேசையில் வைத்தாள். "இது முப்பது. கோடைக்கு மட்டும் சரி, பழைய ஆளுங்க விட மாட்டாங்க. இது பத்து-நாப்பது, கடுங்குளிர்லயும் ஓடும், ஆனா உங்களது தேஞ்ச இன்ஜின், கொஞ்சம் அதிகமாக் குடிக்கலாம். இது பதினஞ்சு-நாப்பது. மொத நம்பர் குளிருக்கு, ரெண்டாவது சூட்டுக்கு. மைனஸ் பதினஞ்சு வரைக்கும் தாங்கும், புல் அறுப்புலயும் தண்ணியாகாது. டீசலுக்குன்னு இங்க எழுதியிருக்கு பாருங்க."

எத்தெல்கா மூன்றாவது கேனின் கைப்பிடியைப் பிடித்தாள். "இது. ஃபில்டரும்."

"நேத்துச் சேதி இங்க வரைக்கும் வந்துருச்சு. கடைசில வெந்தெல் சொன்னதுதானா?"

"அவர் சொன்னதுக்காக இல்ல. அவர் சொன்னதும் சரியாப் போச்சு, அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை ஃபில்டரை வெந்தெல் மாற்றினார். ஆயிலை அவளே ஊற்றினாள். ஊற்றும் முன் இரண்டு சொட்டு எடுத்துப்போய்க் கோல்மனின் இடது விரல்களில் வைத்தாள். அவன் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். தலையை நம்ப முடியாது, முகத்தை நம்பலாம். மெலிசு என்றது முகம். கட்டுப்போட்ட கையால் கேனைத் தள்ளினான்.

"மெலிசுங்கிறே. நீ முப்பது ஊத்தினே. வெளக்கு அணையுற வரைக்கும் நான் பின்னால உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒன்பது குளிர்காலம். ஏன் எண்ணுறேன்னு ஒரு தரம் கேட்டியா?"

கோல்மன் மறுபடி தள்ளினான்.

"தள்ளு. நான் இதைத்தான் ஊத்தப் போறேன்."

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. நோயாளியிடம் பேசுகிற பேச்சா என்று நெஞ்சு குத்தும் என எதிர்பார்த்தாள். குத்தவில்லை. அதற்குப் பதில் காது இரண்டும் சூடாக இருந்தன.

சனிக்கிழமை காலை பிளக் சூடாக எண்ணினாள். சாவியையும் அவளே திருப்பினாள். முதல் இரண்டு சிலிண்டரும் எழுந்தன, மூன்றாவது சோம்பல் முறித்து எழுந்தது. மூன்று எண்ணுவதற்குள் விளக்கு அணைந்தது. இதற்கு முன் அவள் அந்த டிராக்டரை ஓட்டியது இரண்டே தரம், அதில் ஒரு தரம் கோழிக்கூடு பின்னால் வந்திருந்தது. முதல் கியரில் சரிவில் ஏறினாள். பலகை இறங்கியது. பரங்கிக் காய்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரிசைக்கு ஒதுங்கின. அலதார் ஓரத்தில் முக்காலி போட்டு, பிராயச்சித்தமாக, வெட்டுக்கத்தியோடு உட்கார்ந்திருந்தார். வெட்டி, விதையை வழித்து வாளியில் போட்டார்.

ஏழாவது வரிசையில் அவள் இருக்கும்போது கீழே ரோட்டில் இழுவை வண்டியோடு ஒரு கார் வந்து நின்றது. நல்ல பூட்ஸ் போட்ட ஒருவர் இறங்கி, சேற்றில் ஏறி வந்து கையை ஆட்டினார். இன்ஜின் சத்தத்தில் அவர் வாய் மட்டும் அசைந்தது. எத்தெல்கா வரிசையின் கோடி வரை போனாள், திரும்பினாள், எட்டாவதையும் முடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தாள். இன்ஜினை நிறுத்தவில்லை.

"டெனிஸோட அம்மாவா?" என்று கத்தினார் அவர். "நல்லாத்தான் ஓடுது போல! நான் ஓட்டிப் பாக்கலாமா?"

எத்தெல்கா அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் கீழே வீடும், அட்டை ஒட்டிய ஜன்னலும் தெரிந்தன; முற்றத்து வாசலில் யாரோ தள்ளிக் கொண்டுவந்து வைத்த நாற்காலியில் கோல்மன். சந்தோஷம் என்று சொல்லும்படி அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கைகளில் ஸ்டியரிங் நடுங்கியது, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

"நான் ஓட்டிக்கிட்டிருக்கேன்ல" என்றாள். "பாருங்க."

கிளட்சை விட்டாள். டிராக்டர் ஒன்பதாவது வரிசைக்குள் இறங்கியது.